ஆட்குறைப்பு நட்டஈடு: கப்பல் கட்டுந் தொழிலாளர் வரலாறு உணர்த்தும் பாடம்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பரப்பில் அமைந்த ஊர் பெரியகல்லாறு. இருபுறமும் நீர் சூழ வாழும் இவ்வூரார்க்குத் தோணியும் வள்ளமும் புதியன அல்ல. தோணி கட்டுந் தச்சன் பலகை அறுத்து, வங்கு நிறுத்தி, இடைவெளி அடைத்து, கீல் பூசி வேலையை முடிக்கும் நாளில் அவனுக்குக் கூலி முழுதும் கிடைக்கின்றது. அன்றோடு வேலையும் முடிகின்றது. அடுத்த தோணி வேண்டுமென்று ஒருவர் வந்து கேட்குமட்டும் அவன் காத்திருத்தல் வேண்டும். தன் உழைப்பு நிறைவெய்துந்தோறும் தன் பிழைப்பு நிலைகுலைதல் இத்தொழிலின் இயல்பு.

இவ்வியல்பே ஆயிரமாயிரம் மடங்கு பெருகிய நிலையிற் பெருங் கப்பல் கட்டுந்தளங்களிலும் காணப்படுகின்றது. கப்பலொன்றைக் கட்டி முடிக்கப் பல மாதங்கள், சிலபோது ஆண்டுகள் செல்லும். அக்காலத்தில் இரும்புத் தகடு வெட்டுவோர், ஒட்டுவோர், குழாய் பொருத்துவோர், மின்கம்பி இழுப்போர், தச்சர், வர்ணம் பூசுவோர் எனப் பல்வகைத் தொழிலாளரும் அங்கு வேண்டப்படுவர். கப்பல் நீரில் இறங்கியபின் வேறொரு கட்டளை கையில் இல்லையாயின், அவருட் பெரும்பாலார் மிகையான ஆட்கள் ஆகிவிடுவர். அவர் செய்த குற்றம் யாதுமில்லை, வேலையில் குறையுமில்லை. ஆயினும் வேலை இல்லை. இந்நிலையில் அவர்க்குரியது யாது, அதனைக் கொடுப்போர் யாவர் என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

சொற்பொருள்

முதற்கண் சில சொற்களை வேறுபடுத்தி அறிதல் நன்று. ஒழுக்கக்கேடு காரணமாக ஒருவரை நீக்குதல் தண்டனையாகும். வயது முதிர்ந்து விலகுதல் ஓய்வாகும். பொருட்டட்டோ கட்டளைக் குறைவோ நேர்ந்தவிடத்து, தொழிலாளியைப் பட்டியலில் வைத்துக்கொண்டே சில காலம் வேலை கொடாதிருத்தல் வேலை நிறுத்திவைப்பு ஆகும். தொழிலாளியிடத்துக் குற்றமின்றி, வேலை குறைந்தமையால் அவரை முற்றாக விலக்குதலே ஆட்குறைப்பு ஆகும். நிலையம் முழுவதும் மூடப்படின் அது மூடுகை.

இவ்வாறே கொடுப்பனவுகளும் பலவகைப்படும். இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநரின் பங்காக 12 வீதமும் இன்று அதில் இடப்படுகின்றன. பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் வருவது. ஐந்து ஆண்டு சேவை செய்த மாதச் சம்பளத்தார்க்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்பது அதன் கணக்கு. இவை இரண்டும் ஒருவர் எக்காரணத்தால் விலகினும் அவர்க்கு உரியன. உழைத்த காலத்திலேயே ஈட்டப்பெற்றவை. ஆட்குறைப்பு நட்டஈடோ இவற்றின் வேறானது. இனி உழைக்கலாம் என்றிருந்த காலம் பறிபோனமைக்காகக் கொடுக்கப்படுவது அது. இவற்றை ஒன்றாகக் கூட்டிக் காட்டி, “இத்துணைப் பெருந்தொகை கொடுத்தோம்” என்று கூறும் வழக்கம் உண்டாதலின், இவ்வேறுபாட்டைத் தொழிலாளர் உணர்ந்திருத்தல் இன்றியமையாதது.

ஜாரோ நகரின் கதை

இங்கிலாந்தின் வடகிழக்கிலே தைன் நதிக்கரையில் உள்ளது ஜாரோ என்னுஞ் சிறு நகர். பாமர் கப்பல் கட்டுந்தளமே அந்நகரின் உயிராக இருந்தது. 1929ஆம் ஆண்டின் பின் உலகெங்கும் வாணிகம் வீழ்ச்சியுறவே கப்பற் கட்டளைகள் அருகின; 1933இல் அத்தளம் முடங்கியது. ஊரில் வேறு தொழில் இல்லாமையால் உழைக்க வல்ல ஆடவருட் பெரும்பகுதியினர் வேலையற்றோராயினர். 1936 ஒக்டோபரில் இருநூறு பேர் அங்கிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 300 மைல் நடந்து இலண்டனை அடைந்து பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் கொடுத்தனர். அத்தொகுதியின் உறுப்பினராகிய எலன் வில்கின்சன் அம்மையார் அவ்விண்ணப்பத்தை மன்றில் வைத்தார். உடனடிப் பயன் யாதும் விளையவில்லை.

இவ்வளவு பலரும் அறிந்தது. பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பிரித்தானியாவின் கப்பல் கட்டும் முதலாளிகள் 1930ஆம் ஆண்டிலே தமக்குள் ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தனர். தேசிய கப்பல் கட்டுவோர் காப்பு நிறுவனம் என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். கப்பல் கட்டும் நிறுவனங்கள் தாம் பெறும் கட்டளைத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கினை அதற்குச் செலுத்தின. அப்பணத்தையும் கடன்வழிப் பெற்ற பணத்தையுங்கொண்டு, மிகையெனக் கருதிய தளங்களை அது விலைக்கு வாங்கி மூடியது. மூடிய இடத்தில் நாற்பது ஆண்டுகளுக்குக் கப்பல் கட்டலாகாது என்னும் நிபந்தனையும் விதித்தது. ஜாரோவின் தளமும் 1934இல் இவ்வாறே வாங்கப்பட்டது.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தொழில் சுருங்குங்கால் சிலருக்கு இழப்பு நேரும். தொழில் நடத்துவோர் அனைவரும் முன்கூட்டியே சிறுதொகை சேர்த்து அவ்விழப்பை ஈடுசெய்யலாம் என்னும் எண்ணம் அம்முதலாளிகட்குத் தெளிவாக இருந்தது. தளத்தின் உடைமையாளர்க்கு விலை கிடைத்தது. அத்தளத்தில் முப்பது ஆண்டு உழைத்த தொழிலாளிக்கு வேலையற்றோர் உதவிப்பணமும் வீதியுமே எஞ்சின. அவன் கற்ற தொழிலும் ஒருவகை முதலே. ஆயின் அதற்கு விலை கொடுப்பார் இல்லை.

1965ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம்

அக்குறையைப் போக்கும் வழி திறக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1965ஆம் ஆண்டின் ஆட்குறைப்புக் கொடுப்பனவுச் சட்டம் அவ்வாண்டு டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டு தொடர்ந்து சேவை செய்தவர் அதன் பயனைப் பெறுவர். இளவயதிற் செய்த ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் அரைக்கிழமைச் சம்பளமும், 22 முதல் 40 வயது வரை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கிழமைச் சம்பளமும், 41 வயதின்மேற் செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்றரைக் கிழமைச் சம்பளமும் கணக்கிடப்படும். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேவை கணக்கிற் சேராது. கிழமைச் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. தொடக்கத்தில் அது 40 பவுண். வயது ஏறியவர்க்கு மிகுதியாகக் கொடுத்ததன் கருத்து வெளிப்படை. நாற்பது கடந்த தகட்டுத் தொழிலாளிக்கு வேறிடத்தில் வேலை கிடைத்தல் அரிது.

தொகையினும் சிறந்தது அச்சட்டம் வகுத்த நிதியமாகும். தொழில்தருநர் யாவரும் கிழமைதோறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் சிறுதொகை அந்நிதியத்துக்குச் செலுத்தினர். ஆட்குறைப்பு நேர்ந்தபோது நட்டஈடு கொடுத்த தொழில்தருநர் அதில் ஒரு பகுதியை நிதியத்திலிருந்து மீளப் பெற்றனர். தொழில்தருநர் வங்குரோத்தாகிக் கைவிரித்த இடத்து நிதியமே தொழிலாளிக்குக் கொடுத்தது. பிற்காலத்தில் தொழில்தருநர்க்கான மீளளிப்பு நீக்கப்பட்டது. நிதியமும் தேசிய காப்புறுதி நிதியத்தோடு இணைக்கப்பட்டது. ஆயினும் வங்குரோத்தான நிறுவனத்தின் தொழிலாளி தம் சட்டப்படியான நட்டஈட்டை அரசின் வழியாகப் பெறும் முறை இன்றும் நிலவுகின்றது. 1977இல் கப்பல் கட்டுந் தொழில் அரசுடைமையானபின், அத்தொழிலாளர்க்கு மேலதிகமாகக் கொடுக்கும் பொருட்டு 1978ஆம் ஆண்டிலே தனிச்சட்டமொன்றும் இயற்றப்பட்டது.

எனினும் நட்டஈடு எல்லா நோய்க்கும் மருந்தாகாது. 1971இல் ஸ்கொத்லாந்தின் கிளைட் நதிக்கரைத் தளங்கள் பணமுடைப்பட்டு மூடப்படும் நிலை எய்தியபோது, அங்குள்ள தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்திலர். நட்டஈடு வாங்கிக்கொண்டு வீடு செல்லவும் உடன்பட்டிலர். ஜிம்மி றீட் முதலிய தொழிற்சங்கத் தலைவர்களின் வழிகாட்டலில் தளத்தினுட் புகுந்து, நீக்கப்பட்டோரும் நீக்கப்படாதோரும் ஒருங்கே வேலையைத் தொடர்ந்தனர். 1972 பெப்ரவரியில் அரசு 3 கோடியே 50 இலட்சம் பவுண் வழங்க இசைந்தது. கட்டளை இன்மையால் வாடிய ஊருக்கும், நிருவாகத்தின் பணமுட்டுப்பாட்டால் வாடிய ஊருக்கும் மருந்து வேறு என்பதனை இந்நிகழ்ச்சி காட்டும். கையில் கட்டளை இருக்கவும் தளத்தை மூடுவது நட்டஈட்டால் ஆற்றப்படும் துன்பமன்று.

இந்தியாவில் நேர்ந்தவை

பிரித்தானியாவுக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னரே இந்தியா இத்துறையிற் சட்டம் செய்துவிட்டது என்பது நம்மவர் பலர் அறியாத உண்மை. 1953ஆம் ஆண்டிலே கைத்தொழிற் பிணக்குச் சட்டம் திருத்தப்பட்டது. வேலை நிறுத்திவைப்புக் காலத்துக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையிற் பாதி. ஆட்குறைப்புக்கு ஒரு மாத முன்னறிவித்தலும், ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாட் சராசரிச் சம்பளமும். கடைசியாக வந்தவர் முதலில் விலக்கப்படல். மீண்டும் ஆள் எடுக்குங்கால் விலக்கப்பட்டோர்க்கு முதலிடம் என்னும் நான்கு நெறிகள் அதனால் வகுக்கப்பட்டன.

இச்சட்டம் விரைவிலேயே ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. நிலையம் முழுவதும் மூடப்படும்போது விலக்கப்படுவோர்க்கு இது பொருந்துமா என்பது வினா. நடந்துகொண்டிருக்கும் தொழிலில் மிகையான ஆட்களை விலக்குவதே ஆட்குறைப்பு. தொழிலே இல்லாதொழிந்தபின் அச்சொல் பொருந்தாது என 1956 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொல்லளவில் அது தருக்கத்துக்கு இயைந்ததே. ஆயின் சிலரை விலக்கினால் நட்டஈடு, அனைவரையும் விலக்கினால் ஒன்றுமில்லை என்னும் விபரீதம் அதனால் விளைந்தது. அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, மூடுகையின்போதும் உடைமை கைமாறும்போதும் நட்டஈடு உண்டு என விதிக்கப்பட்டது. பெருநிலையங்களில் ஆட்குறைப்புச் செய்ய அரசின் முன்னனுமதி வேண்டும் என்னும் விதி 1976இல் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தபோது, முன்னனுமதி வேண்டும் நிலையங்களின் எல்லை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டது. அதே சட்டம், விலக்கப்பட்டவர் வேறு தொழில் பயில்வதற்கெனப் பதினைந்து நாட் சம்பளத்தைத் தொழில்தருநர் ஒரு நிதியத்திற் செலுத்தவேண்டும் எனவும் விதித்தது.

கப்பல் கட்டுந் தொழிலாளர்க்கு இச்சட்டங்கள் எவ்வளவு பயன்பட்டன? குஜராத் மாநிலத்திலே சூரத்திலும் தாஹேஜிலும் தளங்கள் வைத்திருந்த ஏ.பி.ஜி. நிறுவனத்தின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. அது கடனில் மூழ்கி 2017 ஓகஸ்டில் நொடிப்புத் தீர்வு நடவடிக்கைக்கு உட்பட்டது. மீட்பார் இன்மையால் 2019 ஏப்ரலில் அதனைக் கலைக்குமாறு தீர்ப்பாயம் பணித்தது. அந்நிறுவனத்தின் தொழிலாளரும் ஊழியருமான 272 பேர் தமக்கு வரவேண்டிய சம்பளத்தைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 2022 ஏப்ரல் 19இல் வந்த தீர்ப்பு இரு பகுதிகளை உடையது. நொடிப்பு நடவடிக்கை நடந்த காலத்தில் நிறுவனம் இயங்கிவந்து, அதில் அவர் உண்மையில் வேலை செய்திருந்தால் மாத்திரமே அக்காலச் சம்பளம் முதற்செலவாகக் கொடுபடும். அன்றேல் ஏனைய கடன்காரரோடு வரிசையில் நிற்றல் வேண்டும் என்பது ஒன்று. சேமலாப நிதி, ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியன நிறுவனத்தின் சொத்தல்ல, ஆதலால் அவற்றைக் கடன்காரர் தொடலாகாது என்பது மற்றொன்று.

அவ்வரிசை எவ்வாறு அமைந்தது என்பதும் அறியத்தக்கது. 2016ஆம் ஆண்டின் இந்திய நொடிப்புச் சட்டப்படி, கலைப்புத் தொடங்குமுன் 24 மாதத்துக்குரிய தொழிலாளர் நிலுவை, ஈடு பெற்ற வங்கிக் கடனோடு சமநிலையில் நிற்கும். ஏனைய ஊழியரின் நிலுவையோ 12 மாதத்துக்கு மட்டும், அதற்கு அடுத்த நிலையில் நிற்கும். சமநிலை என்பது கேட்டற்கு இனியது. ஆயின் சொத்துக் கடனிலும் மிகக் குறைந்ததாயின், சமநிலையில் நிற்பவர் பெறுவது அவரவர் கேட்பில் ஒரு சிறு பங்கே. தனியே ஒதுக்கி வைக்கப்பட்ட பணம் தப்பியது. தருவதாக எழுதி வைக்கப்பட்ட பணம் வரிசையிற் காத்து நின்றது. இத்தீர்ப்பிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.

சிங்கப்பூரிற் கடற்படைத் தளம்

நாடு கடந்து உழைத்த தமிழருக்கும் இப்பொருளில் அனுபவம் உண்டு. சிங்கப்பூரின் வடகரையில் செம்பவாங்கில் அமைந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்திலே தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாக உழைத்தனர். 1971ஆம் ஆண்டு முடிவுக்குள் தன் படைகளை விலக்கப் போவதாக 1968 ஜனவரியில் பிரித்தானிய அரசு அறிவித்தது. அந்நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்படைத்தளங்களால் வந்ததாகக் கணிக்கப்பட்டமையின், பேரச்சம் எழுந்தது.

அரசு செய்தது யாது? கப்பல் பழுதுபார்க்குந் தளத்தை அவ்வாண்டிலேயே பெயரளவான விலைக்குப் பெற்று, செம்பவாங் கப்பற்றள நிறுவனத்தை அமைத்து, கடற்படைக் கப்பலுக்குப் பதிலாக வாணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் இடமாக மாற்றியது. பழைய தொழிலாளருட் பலர் அங்கேயே தொடர்ந்தனர். வேலை இழந்தோர்க்குத் தொழிற்பயிற்சி வகுப்புகள் ஏற்படுத்தப்பட்டன. பணிமுடிவுத் தொகையோடு தாயகம் திரும்பியோரும் உளர். ஆயின் அதே 1968இல் இயற்றப்பட்ட தொழிற் சட்டம், மூன்றாண்டுக்குக் குறைந்த சேவையுடையோர்க்கு ஆட்குறைப்பு நட்டஈட்டுக்கு உரிமை இல்லை என்றது. பின்னர் அது இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று சட்டம் விதிக்கவில்லை. ஒப்பந்தமும் வழக்கமுமே அதனை நிருணயிக்கின்றன. இன்று தமிழ்நாட்டிலிருந்து அந்நாட்டுக் கப்பற்றளங்களுக்கு ஒப்பந்தத்திற் செல்லும் இளைஞர் கையொப்பமிடுமுன் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இலங்கைச் சட்டம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிலாளர் வேலை முடிவுறுத்தற் சட்டம் இத்துறையில் முதன்மையானது. தொழிலாளியின் எழுத்துமூல உடன்பாடோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல முன்னனுமதியோ இன்றி அவர் வேலையை முடிவுறுத்தலாகாது என்பது அதன் கரு. ஒழுக்காற்று நீக்கம் இதில் அடங்காது. தற்காலிகமாக வேலை கொடாதிருத்தலும் மூடுகையும் அடங்கும். விதியை மீறிச் செய்த முடிவுறுத்தல் செல்லாது; மீள வேலையில் அமர்த்துமாறு ஆணையாளர் பணிக்கலாம்.

நட்டஈட்டின் அளவு முன்னர் ஆணையாளரின் தீர்மானத்துக்கு விடப்பட்டிருந்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், 2005இல் வெளியான வர்த்தமானி ஒரு கணக்கை நிறுவியது. முதல் ஐந்து ஆண்டுக்கும் ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வரையான ஆண்டுகட்கு இரண்டு மாதம். 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம். 20 முதல் 24 வரை ஒரு மாதம். 25 முதல் 34 வரை அரை மாதம். இவ்வாறு கூட்ட, 34 ஆண்டு சேவைக்கு 48 மாதச் சம்பளம் வரும்.

ஒப்புநோக்கற்பொருட்டு 45 வயதுடைய, 20 ஆண்டு சேவை செய்த தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியச் சட்டப்படி அவர் பெறுவது 22 கிழமைச் சம்பளம். அஃதாவது ஏறத்தாழ ஐந்து மாதம். இந்தியச் சட்டப்படி ஏறத்தாழ பத்து மாதம். சிங்கப்பூரில் சட்டம் குறித்த அளவு இல்லை. இலங்கையிலோ 12½, 18, 7½, 1 எனக் கூட்டிய 39 மாதம். தாளில் எழுதிய கணக்கில் நம் சட்டமே இந்நான்கனுள் வள்ளன்மை மிக்கது.

ஆயின் இவ்வள்ளன்மைக்கு மூன்று எல்லைகள் உள. முதலாவது உச்சவரம்பு. 2005இல் அது பன்னிரண்டரை இலட்சம் ரூபா. 2021இல் இருபத்தைந்து இலட்சமாக உயர்ந்தது. மேற்கூறிய தொழிலாளியின் மாதச் சம்பளம் ஓரிலட்சம் ரூபாவாயின் கணக்குப்படி வருவது 39 இலட்சம். கையில் வருவதோ 25 இலட்சமே. வரம்பு உயர்ந்த அடுத்த ஆண்டிலேயே நாட்டில் விலைவாசி கட்டுக்கடங்காது ஏறியது. 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஆண்டு உயர்வு 70 வீதத்தை அண்மியது. ரூபாவில் எழுதிய வரம்பு இவ்வாறு தானே தேயும் தன்மையது.

இரண்டாவது, யார் யார்க்குப் பொருந்தும் என்பது. முந்திய ஆறு மாதத்திற் சராசரியாகப் பதினைவருக்குக் குறைந்தோர் வேலை செய்யும் இடத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் 180 நாளேனும் வேலை செய்திராதோர்க்கும் பொருந்தாது. நம் வாவிக்கரைப் பட்டறைகளில் பதினைவர் வேலை செய்யும் இடங்கள் எத்தனை? 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்பின் உதவி நிறுவனங்கள் கண்ணாடியிழைப் படகுகளைப் பெருந்தொகையாக வழங்கின. அது கடற்றொழிலாளர்க்குப் பேருதவி; மரத்தோணி கட்டுந் தச்சர்க்கோ தொழில் இழப்பு. அவரை விலக்கிய தொழில்தருநர் எவருமிலர். ஆதலால் நட்டஈடு கேட்பதற்கு இடமுமில்லை.

மூன்றாவதே மிகப் பெரிது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் நிதியம் எதனையும் அமைக்கவில்லை. நட்டஈடு முழுவதையும் தனித் தொழில்தருநரே, அதுவும் தம் தொழில் நலிந்த வேளையிலேயே, கொடுத்தல் வேண்டும். கடன் மிகுந்து கதவடைக்கும் தளத்திடம் நாற்பது மாதச் சம்பளம் கேட்பது வற்றிய குளத்தில் மீன் தேடுவதை ஒக்கும். ஆகவே கொடுக்க வல்ல நிறுவனத்தார் இச்சுமைக்கு அஞ்சி நிரந்தரமாக ஆள் எடுக்கத் தயங்கி ஒப்பந்தக்காரர் வழியே ஆள் எடுக்கின்றனர். கொடுக்க வல்லமை இழந்தாரோ எழுதிய தொகையைக் கொடுப்பதில்லை. இருவழியாலும் இழப்பவன் தொழிலாளியே.

கொழும்புத் துறைமுகத்தில் 1974இல் தொடங்கிய கொழும்பு டொக்யார்ட் நிறுவனம் நம் நாட்டின் பெருங் கப்பல் கட்டுந்தளமாகும். 1993 முதல் ஜப்பானின் ஒனோமிச்சி நிறுவனம் அதன் பெரும்பங்கை வைத்திருந்தது. அந்நிறுவனம் விலக முடிவு செய்தபின், 2025 ஜூனில் இந்தியாவின் மசகான் டொக் நிறுவனம் பெரும்பங்கை வாங்க உடன்பட்டது. இத்தகைய பங்கு விற்பனையில் தொழில்தருநராகிய நிறுவனம் மாறுவதில்லை, சேவைக்காலம் அறுபடுவதுமில்லை, ஆதலால் அதுவே ஆட்குறைப்பாகாது. ஆயினும் கப்பல் கட்டுந்தளமொன்றின் கதி உலகச் சந்தையோடும் தூரதேசத்து முதலாளியின் முடிவோடும் எவ்வளவு பிணைந்துள்ளது என்பதை அது காட்டியது. அத்தகைய தொழிலில், பணம் உள்ள காலத்திலே அது இல்லாத காலத்துக்கெனச் சேர்த்து வைத்தல் அறிவுடைமையாகும்.

முடிவுரை

ஜாரோவின் முதலாளிகள் கட்டளைத் தொகையில் நூற்றுக்கு ஒன்று எடுத்து நிதியம் அமைத்துத் தம்மைக் காத்துக்கொண்டதை மீண்டும் நினைவுகூர்வோம். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெண்ணத்தையே தொழிலாளர் பக்கம் திருப்பியது. இலங்கையிற் சேமலாப நிதி அரைநூற்றாண்டுக்கு மேலாக நடைபெறுவதால், மாதந்தோறும் சிறுதொகை சேர்த்தல் நமக்குப் புதுமையன்று. அதே வழியில் ஆட்குறைப்புக்கென ஒரு பொது நிதியம் அமையுமாயின், கொடுக்கும் அளவு சிறிது குறையினும் கிடைக்கும் உறுதி பெரிதும் கூடும். பதினைவருக்குக் குறைந்த பட்டறையும் அதில் பங்குபற்றலாம். கையில் வாராத 39 மாதச் சம்பளத்தினும் நாள் தவறாது வரும் பன்னிரண்டு மாதச் சம்பளம் ஒரு குடும்பத்தைக் காக்கும். பிள்ளையின் படிப்பு இடைமுறியாது காக்கும். வேறு தொழில் பயில அவகாசம் கொடுக்கும்.

நம் கல்லூரி மாணவருட் பலர் நாளை கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் தொழில் ஏற்பர். சிலர் பிறருக்குத் தொழில் தருவர். சம்பளம் எவ்வளவு என்று கேட்பது யாவர்க்கும் இயல்பு. வேலை நின்றுபோனால் என்ன கிடைக்கும், அதனை யார் கொடுப்பார், அவரிடம் அப்பணம் அன்று இருக்குமா என்னும் மூன்றையும் கேட்கப் பழகுதல் வேண்டும். தோணி நீரில் இறங்கிய மறுநாளும் தச்சனின் வீட்டில் அடுப்பெரிதல் வேண்டும். அதற்கு வழி செய்வதே ஆட்குறைப்பு நட்டஈட்டின் நோக்கமாகும்.